ஈரக் கை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும். மார்கழிக் குளிரிலும் வியர்க்கும். பரீட்சையில் கைக்குக் கீழே கைக்குட்டை வைத்துத்தான் எழுதுவேன்.

1979இல் தஞ்சைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கேஷியர். குறுவை நெல்லுக்குப் பணம் பட்டுவாடா செய்த ஒரு நாள், சாயங்காலம் கல்லாவில் 2,700 ரூபாய் குறைந்தது. அப்போது அது எனக்குப் பல மாதச் சம்பளம். விசாரிக்க வந்தவர் கை குலுக்கினார். தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "மடியில கனம் இல்லேன்னா கை ஏன் சார் இப்படி வேர்க்குது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் என் கையையே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க இன்னும் வியர்த்தது.

நான்காம் நாள் ஒரு மூத்த குமாஸ்தா, "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதே, எண் மாறியிருக்கும்" என்று வவுச்சர்களைப் புரட்டினார். 4,100 கொடுத்ததை 1,400 என்று எழுதியிருந்தேன். தப்பு என்னுடையதுதான், திருட்டு இல்லை.

2023 ஜனவரியில் பேப்பரில் ஒரு செய்தி படித்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. கே.என். நேருவின் தம்பி ராமஜெயம் 2012 மார்ச்சில் கொலையானாரே, திருச்சி - கல்லணை ரோட்டில் திருவளர்ச்சோலை பக்கம் உடல் கிடந்ததே, அந்த வழக்கில் சம்மதித்தவர்களுக்குச் சென்னையில் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. அதனால் உடனே முடிச்சு அவிழ்ந்துவிடவில்லை.

அந்தக் கருவி மூச்சு, ரத்த அழுத்தம் இவற்றோடு விரல் தோலையும் கவனிக்கும். இரண்டு விரல்களில் தகடு மாட்டி, நமக்கு உறைக்காத அளவு மின்சாரம் விடுவார்கள். வியர்வை உப்புத் தண்ணீர்தானே, மின்சாரம் சுலபமாக ஓடும், மின்தடை இறங்கும். உள்ளங்கை வியர்வைக்கு வெயிலைவிட மனசுதான் காரணம். ஆனால் பொய்யால் வந்த படபடப்பா, பயத்தாலா, அவமானத்தாலா என்று தகடு சொல்லாது.

அந்தக் காலத்துத் தர்மசாஸ்திரங்களிலேயே அரிசியை மென்று துப்பச் சொல்லும் சோதனை உண்டு. பயந்தவனுக்கு வாய் உலர்ந்து அரிசி ஒட்டிக்கொள்ளும். வாயை உலர்த்துவதும் கையை நனைப்பதும் ஒரே நரம்பு மண்டலம்தான். நம்மூரில் அரிசிக்கா பஞ்சம்!

2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை செய்யக் கூடாது என்றது. சம்மதித்துச் செய்தாலும் அந்த முடிவு மட்டும் சாட்சியமாகாது.

போன மாதம் பேரன் மல்டிமீட்டர் முனைகளை என் விரல்களில் வைத்துக் கட்டினான். "தாத்தா, ஃப்ரிட்ஜ்ல இருந்த திருவையாறு அசோகா அல்வா நீங்களா?" எண் சரசரவென்று இறங்கியது. "மாட்டிக்கிட்டீங்க!" என்று குதித்தான். சத்தியமாக நான் தொடவில்லை, சுகர்காரன். என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

அந்த மூன்று நாளும் என் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பினாரா, கேட்கப் பயந்தாரா? நானும் கடைசிவரை கேட்டதில்லை.