காற்று திசை மாறும் வரை

ஒடிசா கடற்கரை மக்கள் புயலுக்கு உயிரைக் கொடுப்பதைப் பெருமளவு நிறுத்திவிட்டார்கள். மற்றவற்றை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜகத்சிங்பூரிலிருந்து எரசமாவுக்குச் செல்லும் சாலையில் கடல் கண்ணில் படுவதில்லை. இரு பக்கமும் நெல் வயல்கள். வயல் முடியும் இடத்தில் இறால் குட்டைகள். இடையிடையே வைக்கோலும் மூங்கில் சிம்பும் வேய்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெரிய பெட்டிகளைப் போல நிற்கின்றன. குன்று கிடையாது. பாறை கிடையாது. நிலம் தாம்பாளம் போலத் தட்டையாகக் கிடக்கிறது. மேடு என்று காட்டச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சாலையைத்தான் காட்ட வேண்டும்.

இந்தத் தட்டை நிலத்தில் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக ஒரு விசித்திரமான கட்டடம் எழுந்து நிற்கிறது. தரைத்தளத்தில் சுவரே இல்லை, தடித்த தூண்கள் மட்டும். அவற்றின் மேல் கனத்த சுவர்களோடு ஒரு மாடி, அகலமான படிக்கட்டு, மேலே மொட்டை மாடி. சாதாரண நாளில் மாடியில் பள்ளிக்கூடம் நடக்கும். தூண்களுக்கு நடுவே ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கும். கடல் ஊருக்குள் வந்தால் தண்ணீர் தடையின்றிக் கடந்து போகட்டும் என்றுதான் கீழே சுவர் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். புயல் காப்பகங்கள் எனப்படும் இவை ஒடிசா கடலோரத்தில் இன்று 800க்கும் அதிகம். 1999இல் செஞ்சிலுவைச் சங்கம் கட்டித் தந்த 23தான் இருந்தன.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

பெயரில்லாத புயல்

1999 அக்டோபர் 29. அன்று முற்பகலில் பாராதீப்புக்கு அருகே கரையேறிய சூறாவளிக்குப் பெயர் கிடையாது. வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கமே 2004இல்தான் தொடங்கியது. ஒடியா மக்கள் அதை 'மகாபாத்யா' என்கிறார்கள். பெரும் புயல் என்று பொருள். காற்றின் வேகம் மணிக்கு 260 கி.மீ. அளவுக்குப் போனது. கரையேறிய பின் வலுவிழந்து உள்நாட்டுக்கு நகர்ந்துவிடுவதே புயலின் வழக்கம். இதுவோ கடற்கரையை ஒட்டியே ஏறக்குறைய நிலைகொண்டு ஒரு நாளுக்கு மேல் மழையைக் கொட்டியது.

ஆனால் எரசமாவைக் கொன்றது காற்றோ மழையோ அல்ல, கடல். நமது அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. வடமேற்காக நகரும் புயலின் வலப்பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். அது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நீர், வடக்கு வங்கக் கடலின் ஆழமில்லாத விளிம்பில் குவிந்து உயர்கிறது. எரசமா அந்த வலப்பக்கத்தில் சிக்கியது. ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்கு எழுந்த நீர் தட்டை நிலத்தில் தடுப்பாரின்றி ஓடியது. அதிகாரபூர்வக் கணக்கின்படி மாநிலத்தில் இறந்தவர்கள் 9,885 பேர். அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கால்நடைகள் லட்சக்கணக்கில் மாண்டன. சாலையும் தொலைபேசியும் அறுந்துபோக, பல கிராமங்கள் நாள் கணக்கில் வெளியுலகுக்கு எட்டவில்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. வானொலி சொன்னது. பாராதீப்பில் புயல் கூண்டு ஏறியது. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏறும் அதே எண்கள், அதே அர்த்தம். ஆனால் இரண்டு வாரத்துக்குள் இது இரண்டாவது எச்சரிக்கை. அக்டோபர் 17 அன்று ஒரு புயல் தெற்கே கோபால்பூரைத் தாக்கியபோது எரசமா தப்பித்திருந்தது. இதுவும் அப்படித்தான் போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. போகாது என்று நினைத்தவர்களுக்கும் எங்கே ஓடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. மண் சுவர், ஓலைக் கூரை. கல் கட்டடம் என்றால் பள்ளிக்கூடம், அதுவும் தரையோடு தரையாக. மரத்தில் ஏறிப் பற்றிக்கொண்டவர்களில் சிலர் பிழைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் 23 காப்பகங்களுக்குள் நெருக்கியடித்து நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் பிழைத்தார்கள். ஒடிசா கற்ற முதல் பாடம் அதுதான்.

கடைசி இருபத்து நான்கு மணி நேரம்

1999 டிசம்பரிலேயே பேரிடர்களுக்கென்று தனி ஆணையம் ஒன்றை மாநில அரசு அமைத்தது. நாட்டில் இப்படி அமைந்தவற்றில் அதுவே முன்னோடி. பின்னர் மீட்புப் பணிக்கென்றே தனிப் படை வந்தது. 2018இல் ஆறு கடலோர மாவட்டங்களில் 122 இடங்களில் அபாயச் சங்கு பொருத்திய கோபுரங்கள் நிறுவப்பட்டன. ஆனால் உண்மையான மாற்றத்தைத் தலைநகர் புவனேஸ்வரத்தில் பார்க்க முடியாது. கிராமத்தில், புயலுக்கு முந்தைய நாளில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் படகுகள். கடலிலிருந்து திரும்பியவுடன் பைபர் படகுகளைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மணலில் மேலே இழுக்கிறார்கள். எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படகு போனால் போகட்டும், எஞ்சின் போனால் கடன் மட்டும்தான் மிஞ்சும். வலைகளைச் சுருட்டிக் கட்டுகிறார்கள். பழைய வலை கூரைக்கு உதவுகிறது: ஓலைமேல் அதை விரித்து, நான்கு மூலையிலும் கல் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பெரும் புயலில் கூரை நிற்காது என்பது கட்டுகிறவருக்கே தெரியும். இருந்தாலும் கட்டுகிறார்.

அடுத்தது பாலிதீன் பை. ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா இருந்தால் பட்டா. புயலுக்குப் பிறகு நிவாரணம் வேண்டுமென்றால் நீங்கள் இந்த ஊர்க்காரர்தான் என்று காகிதம் சொல்ல வேண்டும். பிறகு அவலும் வெல்லமும். சமைக்க வேண்டாம், நனைந்தாலும் தின்னலாம் என்பதால் ஒடிசாவில் அவலும் வெல்லமும் பேரிடரின் உணவாகவே ஆகிவிட்டன. ஹெலிகாப்டரிலிருந்து போடுவதும் அதைத்தான், வீட்டில் முடிந்து வைப்பதும் அதைத்தான்.

மாடுகளை அவிழ்த்துவிடுகிறார்கள். கட்டிய மாடு கட்டிய இடத்திலேயே செத்துவிடும். அவிழ்த்துவிட்டால் அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. இதை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 1999இல் மாடுகளோடு பிழைப்பையும் பறிகொடுத்த ஊர்களில் இதை இரண்டு முறை சொல்லத் தேவையில்லை.

காப்பகத்துக்குப் போவது மட்டும் அத்தனை எளிதல்ல. பெண்களும் குழந்தைகளும் முதலில் கிளம்புகிறார்கள். ஆண்களில் சிலர் வீட்டைக் காக்க நின்றுவிடப் பார்க்கிறார்கள். பூட்டில்லாத வீட்டில் இருப்பது ஒரு தையல் மெஷினும் இரண்டு ஆடும் என்றாலும், அவைதான் அந்தக் குடும்பத்தின் மொத்தச் சொத்து. முதியவர்களுக்குக் கூட்டத்தில் படுக்கவும், கழிப்பறைக்குக் காத்து நிற்கவும் கூச்சம். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதமும் எழும். இங்கேதான் உள்ளூர் இளைஞர்களின் குழுக்கள் வேலை செய்கின்றன. தேடி அழைத்து வர ஒரு குழு, முதலுதவிக்கு ஒன்று, காப்பகத்தைப் பராமரிக்க ஒன்று. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் 'தானா' புயல் பிதர்கனிகா பக்கம் கரையேறியபோது ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றார்கள்.

பிறகு காத்திருப்பு. ஜன்னல்கள் அடைக்கப்படுகின்றன. மின்சாரம் அதற்குள் போயிருக்கும். பெரிய அண்டாவில் அரிசியும் பருப்பும் வேகும். இரைச்சல் கூடக் கூடப் பேச்சு நின்றுவிடும். வெளியே என்ன நடக்கிறது என்பதை ஒலியை வைத்தே ஊகிக்க வேண்டும்: தகரம் பறக்கும் ஓசை, தென்னை முறியும் ஓசை. புயலின் கண் நேர்மேலே வந்தால் திடீரென்று எல்லாம் அடங்கும். விவரம் தெரியாதவர் கதவைத் திறந்து வீட்டைப் பார்க்க ஓடுவார். விவரம் தெரிந்தவர் கதவின் குறுக்கே நிற்பார். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் திரும்பி வரும். ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரம் மறுபக்கம் விழுவது அப்போதுதான். காற்று திசை மாறி ஓயும் வரை யாரும் படி இறங்கக் கூடாது என்பது இந்தக் கட்டடங்களின் எழுதப்படாத சட்டம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்த ஏற்பாட்டுக்கு முதல் பெரும் பரீட்சை 2013 அக்டோபர் 12. துர்கா பூஜை நேரம். இரவில் கோபால்பூர் அருகே 'பைலின்' 200 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் கரையேறியது. அதற்குள் பந்தல்களை விட்டுவிட்டு ஏறக்குறைய 10 லட்சம் பேர் இடம் மாறியிருந்தார்கள். புயலிலும் தொடர்ந்த வெள்ளத்திலும் மாநிலத்தில் இறந்தவர்கள் 50க்கும் குறைவு. அடுத்தது 2019 மே 3, தேர்தல் காலத்தில் பூரியைத் தாக்கிய 'பானி'. சுற்றுலாப் பயணிகள் சிறப்பு ரயில்களில் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 12 லட்சம் பேர் காப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்றார்கள். இறந்தவர்கள் 64 பேர். 1999இன் பலியோடு ஒப்பிட்டால் இது சாதனை. உலகமே பாராட்டியது. எரசமா வட்டாரத்தின் நோலியாசாஹியும் கஞ்சம் மாவட்டத்தின் வெங்கடராய்பூரும் சுனாமியை எதிர்கொள்ளத் தயாரான கிராமங்கள் என்று 2020இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன.

ஆனால் காப்பகத்திலிருந்து படி இறங்குகிறவர் எண்களைப் பார்ப்பதில்லை, வீட்டைத்தான் பார்க்கிறார். பூரி கடற்கரையின் ஒரு கோடியில் பெந்தகட்டா என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. தலைமுறைகளுக்கு முன் ஆந்திரக் கரையிலிருந்து வந்த தெலுங்கு பேசும் மீனவர்கள் அங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். 'பானி' அந்தக் குடியிருப்பின் கூரைகளைக் கிழித்துப் போட்டது. பூரிக்கும் கொனாரக்குக்கும் இடையில் சவுக்கும் முந்திரியும் அடர்ந்த காடு முறிந்து விழுந்தது. மின்சாரம் திரும்பப் பல இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. மாநிலத்துக்கு நேர்ந்த சேதமும் இழப்பும் சுமார் ரூ.24,000 கோடி என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

கோடிக்கணக்கில் ஒரு குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் சிக்கல். வீடு இழந்தவருக்கு இழப்பீடு உண்டு. ஆனால் கடலோரப் புறம்போக்கில் குடியிருப்பவர், தான் இழந்தது வீடுதான் என்று நிரூபிக்க வேண்டும். வயலில் உப்பு நீர் புகுந்தால் நெல் மறுபடி ஒழுங்காக விளைய ஓரிரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். விழுந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்க அதைவிட அதிக வருடங்கள். படகுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் புயலுக்கு மறுநாளும் ஏறுகிறது. இளைஞர்கள் கேரளத்துக்கும் சூரத்துக்கும் ரயில் ஏறுகிறார்கள்.

வடக்கே, கேந்திரபாரா மாவட்டத்தில் சாதபாயாவுக்கு வந்த ஆபத்து இன்னும் மெதுவானது. ஏழு ஊர்களின் தொகுதியாக இருந்த அதைக் கடல் புயல் நாளிலும் புயலில்லாத நாளிலும் அரித்துக்கொண்டே வந்தது. எஞ்சிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அரசு உள்நாட்டில் பாகபாட்டியா என்ற இடத்துக்குக் குடியேற்றியது. அந்த ஊரின் பஞ்சுபராகி அம்மன் கோயிலில் மணமான மீனவப் பெண்களே பூசை செய்வது மரபு. 2018 ஏப்ரலில் ஐந்து அம்மன் சிலைகளும் புது ஊருக்கு வந்துசேர்ந்தன. சாமி வந்துவிட்டது, வயல் வரவில்லை. இந்தக் குடும்பங்களுக்குப் பத்திரமான கூரை இருக்கிறது. உழுவதற்கு நிலம்தான் இல்லை.

கடலைத் தடுக்கக் காப்பகத்தைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று இதே மாவட்டத்தில் உண்டு. பிதர்கனிகாவின் அலையாத்திக் காடுகள். 1999இல் கேந்திரபாராவில், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அகலமான அலையாத்திக் காடு மிஞ்சியிருந்த கிராமங்களில் சாவு குறைவாக இருந்தது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எரசமாவின் கரையில் அந்தக் காடுகள் வயலாகவும் குடியிருப்பாகவும் இறால் குட்டையாகவும் மாறி வெகு காலமாகிறது. இப்போது அங்கங்கே மறுபடி நடுகிறார்கள். ஒரு காப்பகத்தை ஓரிரு வருடத்தில் கட்டிவிடலாம். அலையாத்திக் காடு வளர ஒரு தலைமுறை ஆகும்.

ஒவ்வோர் அக்டோபர் 29 அன்றும் ஒடிசாவில் பேரிடர் ஆயத்த தினம் கடைப்பிடிக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் ஒத்திகையும் நடக்கிறது. சங்கு ஒலிக்கிறது, இளைஞர்கள் 'காயம்பட்டவரை'த் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், குழந்தைகள் சிரிக்கிறார்கள். 1999ஐப் பார்த்த வயதானவர்கள் சிரிப்பதில்லை. ஆனால் அவர்களும் ஒத்திகைக்கு வருகிறார்கள்.

ஒத்திகை முடிந்ததும் காப்பகத்தைப் பூட்டுகிறார்கள். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பது ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1999இல் எரசமாவின் பெரும்பாலான ஊர்களில் பூட்டுவதற்கு அப்படி ஒரு கதவே இருக்கவில்லை.