வண்டி நின்ற இடத்தில் உம்மாவின் அறை



கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறைகள், முன்புறம் கார் நிறுத்த ஒரு போர்ட்டிகோ. நகர்ப்புறங்களில் நம் மக்கள் கட்டும் வீடுகளில் பல இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. கட்டுகிற காலத்தில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருக்கிறது. பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். பெருநாளுக்கு வந்து நாலு நாள் தங்கிச் செல்கிறார்கள். அவர்கள் நிரந்தரமாக வந்து சேரும்போதுதான், தரைத்தளத்தில் அவர்களுக்கென ஓர் இடம் இல்லை என்பது தெரிகிறது.

சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் வீடும் அத்தகையதே. வாப்பா வஃபாத்தாகி, இத்தா முடிந்தபின் உம்மா எங்களிடம் வந்தார்கள். முழங்கால் மூட்டுத் தேய்ந்திருந்ததால் படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூடத்தின் ஓரத்தில் கட்டில் போட்டோம். உணவு, மருந்து, பணிவிடை எதிலும் குறையில்லை. ஆயினும் சிலிண்டர் கொண்டுவருபவர் அழைப்புமணியை அடித்தாலும், பிள்ளைகளின் நண்பர்கள் வந்தாலும், உம்மா பதறி எழுந்து முக்காட்டைச் சரிசெய்வார்கள். தஹஜ்ஜுதுக்கு எழுந்தால், மற்றவர்களின் உறக்கம் கெடுமென்று விளக்கைப் போடமாட்டார்கள். ஒருநாள் மெதுவாகச் சொன்னார்கள்: "குறையாச் சொல்லல வாப்பா. எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இருந்தாப் போதும்."

அந்தச் சொல்லிலிருந்தே போர்ட்டிகோவை அறையாக்கும் எண்ணம் பிறந்தது. பத்தடி அகலமும் பதினெட்டடி நீளமும் கொண்ட இடம் அது. மேலே முதல்தளம் இருந்ததால் கூரைக்குத் தனிச் செலவில்லை.

கொத்தனார் அதை எளிதாகவே கண்டார்: "மூணு பக்கம் சுவரு, முன்னால ஒரு கதவு. பத்து நாள் வேலைங்க பாய்." நாங்கள் பொறியாளர் ஒருவரையும் அழைத்துக் கேட்டோம். அவர் சொன்னவற்றை, இதே எண்ணத்தில் இருப்போருக்குப் பயன்படுமென்று இங்கே தருகிறோம்.

வண்டி நிற்கும் தரை, மழைநீர் வெளியேறுவதற்காகத் தெருப்பக்கம் சரிந்திருக்கும். வீட்டின் தரையைவிடத் தாழ்ந்தும் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எங்கள் பகுதியில், அந்த மட்டத்தில் கட்டில் போடுவது முதியவரைத் தண்ணீரில் விடுவதற்குச் சமம். ஆகவே மணல் நிரப்பி, நீர் விட்டு இறுக்கி, கான்கிரீட் போட்டு, கூடத்தின் தரையோடு சமமாக்க வேண்டும். அவ்வாறு உயர்த்தும்போது தலைக்குமேல் உயரம் குறையும். தேசியக் கட்டடத் தொகுப்பு 2016 வசிக்கும் அறைக்குக் கேட்கும் 2.75 மீட்டர் உயரம் மிஞ்சுகிறதா என்று முதலில் அளந்து பார்க்கவேண்டும். எங்களுக்கு மிஞ்சியது.

சுவரை வெறும் தரைமேல் எழுப்பலாகாது. கீழே தாங்கும் விட்டம் வேண்டும். பழைய தூணும் புதிய செங்கல்லும் சேருமிடத்தில் விரிசல் விடாதிருக்க, வலை அடித்துப் பூச வேண்டும். ஜன்னல்களின் பரப்பு, எங்களைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் தரையளவில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்கவேண்டும். ஒரே ஒரு சிறு ஜன்னலோடு அடைக்கப்பட்ட போர்ட்டிகோ, சித்திரை மாதத்தில் அறையாக இராது, அடுப்பாகவே இருக்கும்.

அனுமதியும் முக்கியம். வரைபடத்தில் வாகன நிறுத்துமிடமாகக் காட்டி அனுமதி பெற்ற இடத்தை அறையாக்குவதானால், திருத்திய வரைபடத்துக்கு உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். பக்கவாட்டில் விடவேண்டிய திறந்தவெளியில் கொட்டகை போட்டிருப்போர் அங்கே சுவர் எழுப்ப முடியாது. அந்த இடைவெளி அண்டை வீட்டின் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உரியது. காரை எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். தாய்க்கு அறை கட்டிவிட்டு வண்டியைத் தெருவில் விட்டால், நம் நன்மையின் சுமையைப் பாதசாரிகள் சுமக்கிறார்கள். பாதையிலிருந்து இடையூறு தருவதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக எண்ணிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு அது அழகன்று. எங்கள் வாசலுக்கும் மதிலுக்கும் இடையே ஒரு வண்டி நிற்க இடமிருந்தது. இப்போது கார் அங்கே வெயிலில் நிற்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். முதல் கட்டத்தில் தரையும் சுவரும், கை நிரம்பிய பின் குளியலறையும் ஜன்னல்களும் என ஏழு மாதங்களில் வேலை முடிந்தது. இடையில் உம்மா தம் இரண்டு வளையல்களைக் கழற்றி நீட்டினார்கள். மற்ற பிள்ளைகளும் இருக்கும்போது, தாயின் நகை ஒரு மகனின் சுவரில் புதைவது நாளை மனக்கசப்பாகும். உம்மா வற்புறுத்தவே, ஊரிலிருந்து வந்த ராத்தாவின் முன்னிலையில் அதைக் கடனாக எழுதி, இருவர் சாட்சியும் பெற்றோம். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுவது, அன்பில்லாதவர்களுக்கு மட்டுமன்று. அன்பு நிலைக்கவேண்டும் என்று விரும்புவோருக்கும்தான்.

வேலை நடக்கும்போதே உறவினர் சிலரின் பேச்சு காதில் விழுந்தது: "பெத்தவளைக் கார் ஷெட்டுல போடுறாங்களாம்." அந்தச் சொல் எங்களை மிகவும் வருத்தியது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்பதால்தான் வருத்தம் கூடியது. வண்டி நின்ற இடத்தைச் சுவரால் மூடி, முதியவரை உள்ளே கிடத்தி, வீட்டாரின் வாழ்க்கை தடையின்றி நடக்க வழி செய்துகொள்ளும் குடும்பங்கள் இல்லாமலில்லை. அதே செங்கல், அதே சிமெண்ட். ஒன்று ஒதுக்கிவைத்தல், மற்றொன்று இடங்கொடுத்தல். இரண்டையும் பிரிப்பது எது?

ஹிஜ்ரத்தின்போது மதீனா வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்களின் வீட்டில் தங்கிய வரலாறு நமக்குத் தெரியும். நபியவர்கள் கீழ்த்தளத்தைத் தேர்ந்தார்கள். தமக்கும் தம்மைக் காணவருவோருக்கும் அதுவே வசதி என்றார்கள். அல்லாஹ்வின் தூதரின் தலைக்குமேல் நடப்பதா என்று அபூ அய்யூப் (ரலி) தவித்தார்கள். மேலே தண்ணீர்ப் பானை உடைந்தபோது, ஒரு சொட்டும் கீழே விழாதிருக்க, அவர்களும் மனைவியும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் துடைத்தெடுத்தார்கள். கீழ்த்தளம் இழிவான இடமாக இருக்கவில்லை; விருந்தினரின் வசதியே முதன்மையாக இருந்தது. மேலே இருந்தவர்களின் கவலையே அந்த இடத்துக்கு மரியாதை சேர்த்தது.

அந்த நோக்கில் உம்மாவையே கேட்டு அறையை அமைத்தோம். கிப்லாவான மேற்குச் சுவரை வெறுமையாக விட்டோம்; தொழும்போது யாரும் குறுக்கே நடக்கமாட்டார்கள். கழிப்பறை இருக்கையைத் தென்வடலாக வைத்தோம். உட்கார்ந்தபடியே உளூ செய்ய ஒரு திண்ணையும் கைப்பிடியும் அமைத்தோம். சக்கர நாற்காலி நுழையும்படி 90 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள கதவுகள் வைத்தோம். கூடத்துக்கு ஒரு கதவு. வாசல் பக்கம் மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டது உம்மாதான். தெருவிலுள்ள பெண்கள் ஓதிக் கேட்க வந்தால், எங்கள் கூடத்தைக் கடந்து கூச்சத்தோடு வரவேண்டியதில்லை. இன்று அஸருக்குப்பின் நான்கைந்து பேர் அந்த வழியே வருகிறார்கள். உம்மா எங்கள் வீட்டில் தங்கியிருப்பவராக இல்லாமல், தம் வீட்டில் விருந்தினரை வரவேற்பவராக இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எங்களுக்குப் பழகச் சில நாட்கள் பிடித்தன. தாயிடம் செல்லவும் அனுமதி கேட்கவேண்டுமா என்று ஒருவர் வினவியபோது, ஆம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரே வீட்டில் வசித்தாலும், அவருக்குப் பணிவிடை செய்பவராக இருந்தாலும், அனுமதி கேட்கவே பணித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி உள்ளது. எங்கள் இளைய மகன் முதலில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுவான். இப்போது கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, "வரலாமா உம்மும்மா?" என்று நிற்கிறான். உள்ளிருந்து "வாடா தங்கம்" என்று குரல் வந்தபின் செல்கிறான். சில வேளைகளில், "இரு, ஓதிட்டிருக்கேன்" என்று பதில் வரும். அவன் காத்திருக்கிறான்.

"இரு" என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருக்குமிடமே அவரது அறை. அது இல்லாவிட்டால், பளிங்கு பதித்த மாடியும் நிறுத்துமிடமே.

பெற்றோரை அழைத்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கும் சகோதர சகோதரிகளே! அளவுநாடாவை எடுக்குமுன் அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள்: கதவு எந்தப் பக்கம் வேண்டும், விளக்கு எங்கே வேண்டும், யார் யார் காண வருவார்கள்? பதிலைக் குறித்துக்கொண்டு, பிறகு கொத்தனாரை அழையுங்கள்.

நம் பெற்றோர் நம்மைச் சிறுவயதில் பரிவோடு வளர்த்ததுபோல், அல்லாஹ் அவர்கள்மீது அருள் பொழிவானாக! நம் வீடுகளில் அவர்களுக்கு விசாலத்தை ஏற்படுத்துவானாக! ஆமீன்.