பனிமலைக்கு மூட்டை கட்டினோம்

ஆர்.கே.பேட்டையில் குளிர் என்பது மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது. வெயில் ஏறியதும் அதுவும் விடைபெற்றுக்கொள்ளும். ஆகையால், 2024 டிசம்பர் விடுமுறையில் மணாலிக்குச் சுற்றுலா என்றும், அங்கே சோலாங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு பழகிப் பார்க்கலாம் என்றும் சிஸ்டர் அறிவித்தபோது, வகுப்பில் எழுந்த ஆரவாரம் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அடங்கிய பின் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அங்கே எதை உடுத்துவது?

எங்களுக்குத் தெரிந்த பனிமலையெல்லாம் சினிமாவில் கண்டதுதான். கதாநாயகன் ஜெர்கின், மஃப்ளர், பூட்ஸ் சகிதம் நிற்பான். கதாநாயகியோ காற்றில் பறக்கும் மெல்லிய சேலையில் ஆடிக்கொண்டிருப்பாள். அந்த அம்மையாருக்குக் குளிராதா என்று அதுவரை நாங்கள் கேட்டதில்லை. இப்போது கேட்டோம். "ஊட்டிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனோமே, அது போதாதா?" என்றாள் ஒருத்தி. புவியியல் டீச்சர் சிரித்தார். ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம். மணாலி நகரமோ 2050 மீட்டர்தான். உயரத்தில் ஊட்டியே மூத்தவள்! ஆனால் ஊட்டி 11-வது அட்சரேகைப் பக்கம் இருக்கிறது, மணாலி 32-ஐத் தாண்டி இருக்கிறது. அதனால்தான் ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி மட்டும் படிகிறது, மணாலியில் கூரையே பனியில் புதைகிறது. மேலே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று பாடத்தில் படித்ததை அன்றுதான் உடம்புக்காகப் படித்தோம்.

கனமான ஒரே உடையைவிட மெல்லிய பல உடைகளே மேல் என்பதை முதலில் கற்றோம். உடலை ஒட்டி ஒரு தெர்மல். அதன்மேல் கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜெர்கின். துணி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை, அடுக்குகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் சூட்டைக் காவல் காக்கிறது. இறுக்கமாக அணிந்தால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. காலுறைக்கும் இதே நியாயந்தான்: இரண்டு ஜோடியைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் முன்னிலும் சில்லிடும்.

எங்களைச் சங்கடப்படுத்தியது அடுத்த விதி. பனியில் உடலை ஒட்டிப் பருத்தி அணியக் கூடாதாம்! பருத்தி வியர்வையைக் குடித்துக்கொள்ளும், சீக்கிரம் உலராது, ஈரத்துணி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். எங்களூரிலோ தறிச்சத்தம் கேட்டுக் கண் விழிக்காத பிள்ளை அரிது. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று இந்த வட்டாரமே பருத்தி நூலால் சோறுண்கிறது. எங்களில் பாதிப்பேரின் பள்ளிக் கட்டணம் லுங்கியாகத் தறியிலிருந்து இறங்கியது. அந்தத் துணியை வீட்டில் விட்டுவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்?

ஒரு தோழியின் நைனா, பிறர் தறியில் கூலிக்கு ஓட்டுபவர், இதைக் கேட்டுவிட்டு, "நம்ம நூல் அங்க செல்லாதாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அவளுடைய அவ்வாதான் பதில் சொன்னார். "ஆடு மேய்க்கிறவன் தோளில் கறுப்புக் கம்பளி போட்டிருக்கானே, எதுக்கு? மழையில் நனைஞ்சாலும் உள்ளே சூடு இருக்கும். துண்டு நனைஞ்சா விறைச்சிப் போவான்." அறிவியல் டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்து அரைமணி நேரம் விளக்கியதை அவ்வா இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்தத் தோழி சுற்றுலாவுக்கு வரவில்லை என்று பெயரை எடுத்துக்கொண்டாள். பயணக் கட்டணத்துக்குத் தவணை இருந்தது. கம்பளிக்கும் ஜெர்கினுக்கும் ஏது தவணை? அவளைத் தொடர்ந்து இன்னும் மூவர் பின்வாங்கினர். காரணம் ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. அன்று மாலை நாங்கள் தையல் அறையில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எவரும் சொந்தமாக உடை கொண்டு வரக் கூடாது. வீட்டில், உறவில், பெங்களூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவியரிடம் கிடைக்கும் கம்பளி அனைத்தும் ஒரே இரும்புப் பெட்டியில் சேரவேண்டும். பிறகு சீட்டுக் குலுக்கல். எண் விழுந்த உடையே அவரவர் உடை. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இருபத்திரண்டு பேருமா?" என்றார். "இருபத்திரண்டு பேரும்" என்றோம்.

சொல்வது எளிது. புத்தம்புதிய நீல ஜெர்கினைக் கொண்டு வந்து போட்டவளுக்கு, முழங்காலைத் தொடும் பழுப்பு நிறக் கிழட்டு மேலங்கி ஒன்று விழுந்தது. அவள் முகம் சுருங்கியதை எல்லோரும் பார்த்தோம். அவளும் ஒன்றும் சொல்லாமல் அதை மடித்து வைத்துக்கொண்டாள். பெயரை எடுத்துக்கொண்ட நால்வரும் மறுநாள் மீண்டும் பெயர் கொடுத்தனர். எங்களைப் பொறுத்தவரை சுற்றுலா அன்றே தொடங்கிவிட்டது.

பாண்ட் அணிவதைப் பற்றிச் சில வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. "2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற முத்தமிழ்ச்செல்வி விருதுநகர் மாவட்டத்துப் பெண்தான்; அங்கே என்ன பாவாடையா கட்டிக்கொண்டு ஏறினார்?" என்று ஒருத்தி வீட்டில் கேட்டுவிட்டாள். பிறகு முணுமுணுப்பு இல்லை.

மூட்டை விஷயத்தில் சிஸ்டர் கண்டிப்பானவர். ஆளுக்கு ஒரே பை. அதைத் தோளில் மாட்டி விளையாட்டு மைதானத்தை மூன்று முறை சுற்றி வரவேண்டும். முதல் சுற்றிலேயே பட்டுப் பாவாடை வெளியே வந்தது. இரண்டாவது சுற்றில் அயர்ன் பாக்ஸ். மூன்றாவதில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில்; 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துபோகும் பண்டத்தை மணாலியில் எந்த வெயிலில் வைத்து உருக்குவது? முறுக்கு டப்பாவுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அது யாருடைய செல்வாக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை.

புறப்படும் அன்று அந்த நைனா ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து நின்றார். தறியில் விளிம்பு பிசகி ஒதுக்கிய லுங்கித் துணிகள், இருபத்திரண்டு. "மேலே உடுத்த வேணாம். கூட இருக்கட்டும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாதா கெபியில் ஜெபித்து, திருத்தணி வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை சேர்ந்தோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். டில்லியிலிருந்து பேருந்தில் ஓர் இரவு. அந்த லுங்கிகள் ரயிலில் படுக்கை விரிப்பாயின, உடை மாற்றத் திரையாயின, டில்லிக் குளிரில் ஜன்னல் இடுக்கை அடைத்தன. மணாலி விடுதியில் ஈரக் கையுறைகளைச் சுருட்டிப் பிழிய அவற்றைவிட நல்லது கிடைக்கவில்லை. ஈரத்தைக் குடிப்பது குற்றமென்று தள்ளப்பட்ட பருத்திக்கு, ஈரத்தைக் குடிப்பதே அங்கு உத்தியோகமாயிற்று.

சில நாள் முன்புதான் நல்ல பனி பெய்திருந்தது. சோலாங் செல்லும் வழியெங்கும் பனி உடையும் கம்பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகள். தொளதொளவென்ற அந்த உடையைக் கம்பளிக்கு மேல் மாட்டியதும் நாங்கள் எல்லோரும் பஞ்சு மூட்டைகளானோம். சிஸ்டர் தம் துறவற உடைக்கு மேலேயே அதை அணிந்து, தலைமுக்காட்டின் மேல் குல்லாவும் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரே முதலில் சிரித்தபின் நாங்கள் அடக்கவில்லை.

கற்றுக்கொடுத்தவர் அவ்வூர் இளைஞர். துப்பட்டா, மஃப்ளர் நுனி எதுவும் வெளியே தொங்கக் கூடாது, சடையைச் சட்டைக்குள் விடவேண்டும் என்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே விடவில்லை. புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அடிக்குமாம், வெறுங்கண்ணில் பட்டால் கண் வெந்துபோகுமாம். விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் படுத்திருக்கும் கையுறையே சூடு என்பதும் அங்கே கண்டது. பக்கத்து ஊரான புருவாவைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர், 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்று, சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் தந்தவர் என்று பெருமையோடு சொன்னார். பதக்கம் கிடக்கட்டும், நின்ற இடத்திலேயே விழுவதில் எங்களை வெல்ல ஆளில்லை. விழுந்து எழுந்து வியர்த்தபோதுதான் அடுக்குகளின் அருமை புரிந்தது. ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம், நின்றதும் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். மாலையில் காற்று வீசியபோது, பழுப்பு மேலங்கிக்காரியிடம் ஒட்டிக்கொள்ள இருபுறமும் போட்டி. அவள் அதை யாருக்கும் இரவல் தரவில்லை!

ஊர் திரும்பியதும் கம்பளிகளைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, அந்துருண்டை போட்டு அதே இரும்புப் பெட்டியில் அடுக்கினோம். அடுத்து வரும் தங்கையருக்கு அவை வேண்டியிருக்கும். பெட்டியின் சாவி தையல் டீச்சரிடம் இருக்கிறது. மூடியின் உட்புறம் உடைகளின் பட்டியலை ஒட்டியிருக்கிறோம். கடைசி வரியாக, 'லுங்கி, ஆளுக்கு ஒன்று' என்று மையால் எழுதிச் சேர்த்தது அந்தத் தோழிதான்.