அரிப்புக் கரையில் அழியும் மாளிகை

முத்து என்றவுடன் கொற்கையை நினைப்பது தமிழ் படித்தோர் இயல்பு. ஆயின், கொற்கைக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலும் முத்து விளைந்தது. அந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென எழுந்த மாளிகையொன்று இன்று கேட்பாரற்று, சிறிது சிறிதாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கின்றது. அதனைக் காணவும், கண்டதைப் படம்பிடித்து வைக்கவும், எமது கல்லூரி வரலாற்று மன்றத்து மாணவர் ஒன்பதின்மருடன் மாசி மாதத்து விடுமுறை நாளொன்றில் நாம் புறப்பட்டோம்.

விடியுமுன் யாழ்ப்பாணத்தை நீங்கிய எமது வான், 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியே தெற்கு நோக்கி விரைந்தது. பாலாவிக் கரையில் எழுந்தருளியிருக்கும் திருக்கேதீச்சரப் பெருமானை வணங்கி, கட்டிச் சென்ற இடியப்பத்தையும் சம்பலையும் மர நிழலிலே உண்டோம். பின்னர் வங்காலையைத் தாண்டி அருவியாற்றை அடைந்தோம். அநுராதபுரத்திலே மல்வத்து ஓயா என வழங்கும் ஆறே இங்கு அருவியாறு என்னும் அழகிய பெயருடன் கடலை நாடுகின்றது. பாலத்தைக் கடந்ததும் உவர்க்காற்று முகத்தில் வந்து மோதியது. அரிப்புக் கிராமம் வந்துவிட்டது.

ஊரிலே முதற்கண் பார்த்தது பழைய சிறு கோட்டை. போர்த்துக்கேயர் அமைத்தது, பின் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணையால் பத்தொன்பது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1679ஆம் ஆண்டு அருவியாற்றுக் கரையைப் பற்றிக் காட்டு வழியே தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது இந்தக் கோட்டையிலேதான். பாடப் புத்தகத்தில் வாசித்த நொக்ஸ் இங்கேயா வந்தான் என்று மாணவர் வியந்தனர். வரலாறு வேறெங்கோ நிகழ்வது என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, அது எம் வழியிலும் நிகழ்ந்தது என்று காட்ட இதனினும் சிறந்த இடம் வேண்டுமோ?

கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், கடலை நோக்கிய மேட்டின் விளிம்பில் நிற்கின்றது நாம் தேடிச் சென்ற மாளிகை. இலங்கையின் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் (1798–1805) இதனை 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தார். பண்டைக் கிரேக்கரின் தூண் அமைப்பு முறைகளுள் மிக எளியது டோரிக் என்பது. அம்முறையில் தூண்கள் அமைந்தமையால் ஆங்கிலேயர் இம்மாளிகையையே டோரிக் என்று அழைத்தனர். சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய தூண்கள் ஒரு காலத்தில் சலவைக்கல்லென வெண்மையாய் மின்னியிருக்கும். இன்றோ, சாந்து உதிர்ந்து செங்கல் சிவந்து தோன்றுகின்றது. கூரையில்லை, தளமில்லை. சாளரங்கள் இருந்த இடங்களில் வானமும் கடலும் தெரிகின்றன. அலை அடிமண்ணைக் கரைக்கக் கரைக்க, மேலே நின்ற சுவர் பாறைத் துண்டுகளைப்போலச் சரிந்து கடற்கரையில் கிடக்கின்றது. ஊருக்கு அரிப்பு என்று பெயர் வந்த காரணம் யாதாயினுமாகுக. இம்மாளிகையைப் பொறுத்தமட்டில் அப்பெயர் மெய்யாகிவிட்டது.

மாளிகையின் நிழலில் அமர்ந்து, முன்னாள் முத்துக்குளிப்பைப் பற்றி மாணவருக்குக் கூறினோம். சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலம், தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன், கடல் அடங்கியிருக்கும் மாசி தொடக்கம் சித்திரை வரையிலானது. வெறும் மணலாய்க் கிடந்த கரையில் அந்நாட்களில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே முளைக்கும். தமிழகக் கரையிலிருந்தும் அராபிய நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து கூடுவர். சுழியோடி காலிற் கல்லைப் பூட்டிக் கயிற்றைப் பற்றி இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துள் கையிலகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு மேலே வருவான். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதற்கெனக் கடல்கட்டி எனப்படுவோர் இருந்தனர். அவர்கள் கரையில் இல்லையாயின் சுழியோடிகள் நீரில் இறங்கார் என்பதனால், அரசாங்கமே அவர்களுக்கு ஊதியம் வழங்கிற்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் வாரப்பட்டன. மறு ஆண்டு பார்கள் யாவும் இருபது ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுள் பார்களிற் சிப்பி அருகியது. கம்பனியும் கைவிட்டுச் சென்றது. முத்து அருகியபின் மாளிகையைத் தேடுவார் யார்?

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் நின்றார். “மாஸ்டர், பிள்ளையளுக்கு என்ன வெள்ளைக்காரன் கதையோ சொல்லுறியள்? இது அல்லிராணி கோட்டையெல்லோ! அவ ஆண்ட இடம்,” என்றார்.

மாணவனொருவன் சிரித்துவிட்டான். பெரியவரின் முகம் சுருங்கியது. நாம் அம்மாணவனைப் பார்வையாற் கண்டித்துவிட்டு, “ஐயா, அந்தக் கதையைச் சொல்லுங்கோ,” என்று வேண்டினோம். அவரும் மணலில் அமர்ந்து, அல்லியின் வீரத்தையும், தெற்கே குதிரைமலை வரை பரந்த அவளது ஆட்சியையும், முத்துக் குவியலையும் தம் பாட்டனார் சொன்னவாறே சொன்னார்.

அவர் சென்றபின் மாணவரிடையே வழக்கு எழுந்தது. “சேர், செங்கல் ஆங்கிலேயர் காலத்தது. அல்லி கதை பொய்தானே? படத்தின் கீழ் ஏன் அப்பெயரை எழுதவேண்டும்?” என்றான் சிரித்த மாணவன். நாம் கூறியது இது: மாளிகையைக் கட்டியவர் நோர்த் என்பது வரலாறு. தமிழ் மக்கள் வாயில் வாழும் அல்லி அரசாணி கதையை இக்கரையின் முத்தோடும் இக்கட்டடத்தோடும் சேர்த்து ஊரார் காத்து வந்தனர் என்பதும் வரலாறே. முன்னதைப் பின்னதாகவோ, பின்னதை முன்னதாகவோ எழுதினாற்றான் பிழை. இரண்டையும் இன்னது இன்னதென வேறுபடுத்தி எழுதுவதே முறை.

அதன்பின் கமராவை வெளியே எடுத்தோம். பாழடைந்த கட்டடத்தைப் படம்பிடிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மாளிகைக்கு மேற்கே கடல். ஆகையால் காலை வெயில் நிலப்பக்கச் சுவரிலும், மாலை வெயில் கடற்பக்கச் சுவரிலும் விழும். அதற்கேற்ப வேலையைப் பகுத்துக்கொண்டோம். முதலில் தூர நின்று முழுமையையும், பின்னர் ஒவ்வொரு சுவரையும், இறுதியாகத் தூணின் அடி, சாந்தின் எச்சம், செங்கல் அடுக்கு ஆகியவற்றையும் எடுத்தல் வேண்டும். கமராவை மேல்நோக்கிச் சரித்தால் நேர்ச்சுவரும் சாய்ந்ததுபோற் காட்டும்; ஆதலின் எட்ட நின்று மட்டமாகப் பிடித்தல் நன்று. அளவு விளங்கச் சிவப்பும் வெள்ளையுமாக அடிக்கணக்கு வரைந்த கம்பொன்றைச் சுவரருகே நிறுத்தினோம். நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை என்பவற்றை ஒருவன் குறிப்பேட்டில் எழுதினான். சுவரில் ஏறுதல், பெயர் கீறுதல், செங்கல்லொன்றைத் தானும் எடுத்து வருதல் ஆகியவை கூடா என முன்னரே விதித்திருந்தோம்.

“படமெடுத்தாற் சுவர் விழாமல் நிற்குமா, சேர்?” என்று கேட்டான் ஒரு சிறுவன். நல்ல கேள்வி. 1870, 1871ஆம் ஆண்டுகளில் யோசப் லோட்டன் என்னும் படப்பிடிப்பாளர், கண்ணாடித் தகடுகளையும் பெட்டிக் கமராவையும் கொண்டு சென்று, அநுராதபுரத்திலும் பொலனறுவையிலும் காடு மூடிய இடிபாடுகளைப் படம்பிடித்தார். பிற்காலத்திற் புதுக்கப்பட்ட கட்டடங்கள் அதற்கு முன் எந்நிலையில் இருந்தன என்பதற்கு அப்படங்கள் இன்று சான்றாகின்றன. இதனை அவனுக்குச் சொன்னோம். ஆனால், சொல்லாத விடையொன்றும் எம் நெஞ்சில் இருந்தது.

யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே, 1706ஆம் ஆண்டு ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டுப் போரில் அது சிதைந்தது. இன்று அங்கே கற்குவியலே உண்டு. எமது தந்தையார் மணமான புதிதில் தாயாருடன் அத்தேவாலயத்தின் முன் நின்று எடுத்த படமொன்று எம்மிடம் இருக்கின்றது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தாயார் அதனைச் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டு வந்தார். படத்திலே தந்தையாரின் வேட்டிக் கரையும் தாயாரின் நாணமும் தெளிவாகத் தெரிகின்றன. தேவாலயமோ அவர்கள் தலைகளுக்கு நடுவே ஒரு விரலகலமே தெரிகின்றது. அது வாயிலா, சாளரமா என்று அறியக் கூடவில்லை. படத்தின் பின்புறத்திலும் ஓர் எழுத்தில்லை.

தந்தையாரைக் குறை சொல்ல எமக்குத் தகுதியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் முதன்முறை அரிப்புக்கு வந்தபோது, கைத்தொலைபேசியில் ஐந்தாறு படங்கள் எடுத்தோம். எல்லாவற்றிலும் நாமும் நண்பருமே நிற்கின்றோம். அப்போது சுவருக்கும் கடல் விளிம்புக்கும் இடையே எவ்வளவு நிலம் இருந்தது என்று இன்று அறிய விரும்பினால், அப்படங்கள் ஒன்றும் பேசுவதில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் எடுத்த படங்கள் அவை! அந்த வெட்கமே எம்மை மீண்டும் இங்கே அழைத்து வந்தது என்றாலும் தகும்.

மாலை வெயில் கடற்பக்கச் சுவரைப் பொன்னாக்கியபோது கடைசிப் படங்களை எடுத்தோம். இப்போது அவை எமது கல்லூரி நூலகத்தில் ஏடாகத் தொகுக்கப்பட்டுள்ளன. முதற் படத்தின் கீழ், “தேசாதிபதி நோர்த் கட்டுவித்த டோரிக் மாளிகை, ஊரார் வழக்கில் அல்லிராணி கோட்டை” என்று எழுதப்பட்டிருக்கின்றது. எழுதியவன் முதியவரைப் பார்த்துச் சிரித்த அதே மாணவன்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடோ, இடிந்த மடமோ, தூர்ந்த கேணியோ இருக்கும். அடுத்த மாரிக்கு முன் அதனைப் படம்பிடித்து, நாளும் இடமும் பெயரும் எழுதி வையுங்கள். பெட்டியிற் கிடக்கும் பழைய படங்களின் பின்புறத்தில், நினைவுள்ள மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

புறப்படும் வேளையில், கேள்வி கேட்ட அச்சிறுவனைக் காணவில்லை. தேடிச் சென்றால், அவன் தோழனொருவனை அளவு நாடாவின் ஒரு நுனியோடு சுவரடியில் நிறுத்திவிட்டு, மேட்டின் விளிம்புக்கு எட்டவே நின்று மறு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அளவைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் எதிரே அடுத்த ஆண்டுக்கென ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்தான்.