பிகாஸுக்குப் பின்னால் ஓர் ‘ஆஃப்’

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கில வாக்கியத்தில் ‘அண்ட்’ கண்ணில் பட்டாலே அது காம்பவுண்ட்.
வாக்கியம் நீண்டால் காம்ப்ளெக்ஸ்.

நீளத்துக்கும் வாக்கிய வகைக்கும் சம்பந்தமே இல்லைங்க.

‘ரவி அண்ட் மாலா வென்ட் ஹோம்.’ அண்ட் இருக்கிறது, ஆனாலும் சிம்பிள்தான். போனது இரண்டு பேர், வினை ஒன்று. ‘ரவி வென்ட் ஹோம், பட் மாலா ஸ்டேட் பேக்’ என்றால் காம்பவுண்ட். ‘பட்’டை எடுத்துவிட்டு நடுவில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள், இரண்டு பாதியும் தனித்தனியாக நிற்கும்.

பிள்ளைகள் உண்மையில் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான்.

‘பிகாஸ் ஆஃப் தி ரெயின், தி மேட்ச் ஸ்டாப்ட்.’ இது சிம்பிள்.
‘பிகாஸ் இட் ரெயின்ட், தி மேட்ச் ஸ்டாப்ட்.’ இது காம்ப்ளெக்ஸ்.

இரண்டிலும் அதே மழை, அதே மேட்ச். முதலாவதில் மழை வெறும் பெயர்ச்சொல். இரண்டாவதில் அதற்கு எழுவாயும் வினையும் கிடைத்துவிட்டன. ஆனால் பிகாஸ் முன்னால் நிற்பதால் அந்தப் பாதி தனியாக நிற்காது. மேட்ச் நின்ற சேதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘தோ’ ஜோடியும் இதே கதைதான்.

ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ என்று காம்பவுண்டுக்கான 7 இணைப்புச் சொற்களை ஒப்பிக்க வைப்பதற்கு முன்னால், வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடு போடச் சொன்னால் என்ன?