ஜங்ஷன் பக்கத்து ஓட்டலும் எங்க வீட்டு அஞ்சு கட்சியும்

எங்க ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயில்ல எல்லாமே அஞ்சு. கோபுரம் அஞ்சு, பிரகாரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தேர் அஞ்சு. அந்த ராசியோ என்னவோ, ஜங்ஷன் பக்கம் இருக்கற ஒரு ஓட்டலைப் பத்தி எங்க வீட்டுல அஞ்சு பேருக்கும் அஞ்சு அபிப்ராயம்.

ஓட்டல் பேரைச் சொல்லப் போறதில்லை. மேல லாட்ஜ், கீழ சாப்பாடு, ஒரு பக்கம் ஏ.சி. ஹால், இன்னொரு பக்கம் சாதா ஹால். எல்லா ஊர் ஜங்ஷன்லயும் ஒண்ணு இருக்குமே, அந்த ரகம்தான்.

அப்பா: "அதை அடிச்சுக்க இந்த ஜில்லாவுலயே ஆளில்ல."
அம்மா: "காபி நல்லாருக்கும். மத்ததெல்லாம் நம்ம வீட்லயே இருக்கு."
தங்கச்சி: "பரோட்டா சூப்பர்ண்ணா. இட்லி தோசைல்லாம் தெரியாது."
சித்தப்பா: "அந்தத் திசையில தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

அஞ்சாவது கட்சி நான். போன மே மாசம் லீவுல வந்தப்போ மதியம் ரெண்டரை மணிக்கு அங்க போனேன். மீல்ஸ் தீர்ந்து போச்சுன்னாங்க. சரின்னு தோசை சொன்னேன். வர்றதுக்கு அரை மணி நேரம். சாம்பார் ரசம் மாதிரி இருந்தது. தேங்காய்ச் சட்னி புளிச்சே போயிருந்தது. சப்ளையர்கிட்ட சொன்னா, "எல்லாரும் அதைத்தான் சார் சாப்பிடறாங்க"ன்னுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டார். கடைசியில பில்லுல நான் சாப்பிடாத ஒரு வடை வேற. அன்னிக்கு ராத்திரி வயிறு என்னைத் தூங்க விடலை. அன்னியிலேர்ந்து யார் கேட்டாலும் "அங்க போகாதீங்க"ன்னு சொல்றது என் வழக்கமாயிடுச்சு.

இதெல்லாம் வீட்டுக்குள்ள சிரிச்சுப் பேசற விஷயமாத்தான் இருந்தது, தை மாசம் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் குறிக்கற வரைக்கும். மாப்பிள்ளை வீடு சேலம். ரயில்ல முப்பது பேர் வர்றாங்க. மதியச் சாப்பாடு எங்க சொல்றது?

அப்பா யோசிக்கவே இல்லை. அந்த ஓட்டல் பேரைச் சொன்னார்.

"அண்ணே, வேணாம்ணே. சம்பந்தி வீட்டு முன்னாடி மானம் போயிடும்"னார் சித்தப்பா. நானும் சும்மா இருந்திருக்கலாம். "புளிச்ச சட்னி போடற எடத்துல போயி முப்பது பேருக்கு சாப்பாடா? உங்களுக்கு நாக்கே செத்துப் போச்சுப்பா"ன்னு சொல்லிட்டேன்.

அப்பா ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டுட்டிருந்தவர் பாதியில கை கழுவிட்டு எழுந்து போயிட்டார்.

அம்மாதான் அப்புறம் சமையக்கட்டுல வச்சுச் சொன்னாங்க. அப்பா பீங்கான் கம்பெனியில சூளை வேலை பார்த்தவர்னு எனக்குத் தெரியும். நான் கைக்குழந்தையா இருந்தப்போ ஒரு தடவை கம்பெனியை மாசக்கணக்குல மூடியிருந்தாங்களாம். அப்போ அந்த ஓட்டல் பெரியவர் நோட்டுல எழுதிக்கிட்டு எங்க வீட்டுக்கு ரெண்டு வேளை சாப்பாடு குடுத்திருக்கார். காசு எப்போன்னு ஒரு தடவைகூட கேட்கலையாம். "உங்கப்பா அங்க போயி உக்காந்தா இட்லி மட்டுமா சாப்பிடறாரு?"ன்னாங்க அம்மா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா புளிச்ச சட்னி பொய்யில்லையே!

நிற்க. எங்க ஆபீஸ்ல ஒரு ஜோக் உண்டு. டெஸ்டர் வந்து "இது உடைஞ்சிருக்கு"ம்பார். எழுதினவர் "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது"ம்பார். ரெண்டு பேரும் சொல்றது நிஜம். சண்டை போட்டு பிரயோஜனமில்லை. எந்த நேரத்துல, எந்த வெர்ஷன்ல, என்ன பண்ணினப்போ உடைஞ்சதுன்னு கேட்கணும். எங்க வீட்டுல அஞ்சு பேர்ல ஒருத்தரும் அதைக் கேட்டதேயில்லை. சரி, நாமளே டெஸ்ட் பண்ணிடுவோம்னு அடுத்த சனிக்கிழமை ஒரே நாள்ல மூணு வேளையும் அங்கேயே சாப்பிட்டேன். (அம்மா திட்டினது தனிக்கதை :-))

காலையில ஏழு மணி, சாதா ஹால். இட்லி பஞ்சு. சாம்பார்ல சின்ன வெங்காயம் முழுசு முழுசா மிதக்குது. சட்னி அப்பதான் அரைச்சது. சத்தியமா சொல்றேன், அப்பா சொன்னது வாஸ்தவம்.

மதியம் ரெண்டு மணி, ஏ.சி. ஹால். அதே தண்ணி சாம்பார். அதே காத்திருப்பு.

ராத்திரி எட்டு மணி. பரோட்டா, சால்னா. தங்கச்சி கட்சி ஜெயிச்சது.

அங்க ரொம்ப வருஷமா இருக்கற ஒரு சப்ளையர்கிட்ட மெல்லப் பேச்சுக் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல எல்லா முடிச்சும் அவிழ்ந்துடுச்சு. சரக்கு மாஸ்டர் விடியக்காலை நாலு மணிக்கு வர்றார், பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடறார். அதுக்கப்புறம் அடுப்புல நிக்கறது உதவிக்கு இருக்கற பையன். "பத்து மணிக்கு மேல சாம்பார்ல தண்ணி சேரும் தம்பி, பருப்பு சேராது." சட்னி காலையில அரைச்சது தீரற வரைக்கும் ஓடும். மே மாச வெயில்ல தேங்காய் எத்தனை மணி நேரம் தாங்கும்? பரோட்டா மாஸ்டர் சாயங்காலம் வர்ற வேற ஆள், அவர் அடுப்பும் தனி. காபி மாஸ்டர் டிகாக்‌ஷனை அப்பப்போ புதுசா இறக்கறார். அதான் அம்மாவுக்கு எந்நேரமும் காபி நல்லா இருக்கு. சித்தப்பா போனது மாசி மகத்தன்னிக்கு. ஊரே திரண்டு வர்ற நாள்ல, சாப்பிடறவங்க நாற்காலிக்குப் பின்னாடி ஒரு மணி நேரம் நின்னிருக்கார் மனுஷன். கோபம் வராம என்ன பண்ணும்?

ஏ.சி. ஹால் மேட்டரும் சொல்லிடறேன். 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாததுக்கு 12. அந்த நவம்பர் 15லேர்ந்து இந்த மாதிரி ஓட்டல்கள்ல ரெண்டுக்குமே 5 சதவீதம்தான். வரியில வித்தியாசம் இல்லை, ஆனா மெனு கார்டுல விலை மட்டும் வேற வேற. சாம்பார் வர்றது ஒரே அண்டாவுலேர்ந்துதான். கூடக் குடுக்கற காசுக்கு குளிர்காத்து மட்டும்தான் கிடைக்கும்.

ஆக, நாங்க அஞ்சு பேரும் சாப்பிட்டது ஒரே ஓட்டல்லயே இல்லை. ஒரே போர்டுக்குக் கீழ நாலஞ்சு ஓட்டல் நடக்குது!

ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அன்னிக்குப் பேசினது தப்புன்னும் சொன்னேன். அவர் எழுந்து போய் ஷெல்ஃபுலேர்ந்து ரெண்டு கப்பை எடுத்துட்டு வந்தார். பீங்கான் வேலை பார்த்தவங்க வீட்டுல ஷெல்ஃப் நிறைய செகண்ட்ஸ்தான் இருக்கும். லேசா கோணல், ஒரு சின்னப் புள்ளின்னு மார்க்கெட்டுக்குப் போகாத சரக்கு.

"ஒரே மண்ணு, ஒரே அச்சு, ஒரே சூளைடா. தீக்குப் பக்கத்துல இருந்தது கோணிக்கும். மூலையில இருந்தது சரியா வேகாது. கதவைத் திறக்கற வரைக்கும் எவனுக்கும் தெரியாது. ஒரு கப்பைப் பாத்துட்டு சூளையே சரியில்லன்னு சொல்லக் கூடாது."

"சரிப்பா. புளிச்ச சட்னி?"

கையில இருந்த கப்பை விரலால சுண்டினார். 'டிங்'குன்னுது. ரெண்டாவதைச் சுண்டினார். 'டொக்'.

"இது விரிசல். செகண்ட்ஸ்ன்னு சொல்லிக்கூட இதைக் கடைக்கு அனுப்பக் கூடாது. கோணல் வேற, விரிசல் வேற."

மறுநாள் காலையில "கிளம்புடா"ன்னு என்னையும் கூட்டிட்டு அந்த ஓட்டலுக்குப் போனார். கல்லாவுல பெரியவரோட மகன். அப்பா அங்க குரலை உசத்திப் பேசி நான் பார்த்ததேயில்லை, அன்னிக்கும் உசத்தலை. "தம்பி, என் பையனுக்கு மத்தியானத்துல புளிச்ச சட்னி போட்டிருக்கீங்க. வயிறு கெட்டுப் போச்சு. உங்கப்பா இருந்தா கீழ கொட்டியிருப்பாரு"ன்னார். சொல்லும்போது அவர் கை லேசா நடுங்கினதை நான் பார்த்தேன். அந்தக் கடையில குறை சொல்றது அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்கு மட்டும்தான் தெரியும். கல்லாவுல இருந்தவர் எழுந்து நின்னுட்டார். பதில் எதுவும் சொல்லலை. உள்ள திரும்பி, பத்து மணிக்கு மேல சட்னியைத் திரும்ப அரைக்கச் சொன்னார். அப்புறம் அப்பா நிதானமா உட்கார்ந்து நிச்சயதார்த்தத்துக்கு ஆர்டர் குடுத்தார். ஒரே கண்டிஷன்: அன்னிக்கு சரக்கு மாஸ்டர் ரெண்டு மணி வரைக்கும் இருக்கணும்.

இருந்தார். சாப்பாடு எப்படின்னு கேட்கறீங்களா? மாப்பிள்ளையோட மாமா ரசத்தை மூணு தடவை வாங்கினார். அத்தை ஒருத்தங்க பாயசத்துல சர்க்கரை ஜாஸ்தின்னாங்க. சேலத்துப் பெரியவர் ஒருத்தர் "எங்க ஊர்ல இதைவிட நல்லா இருக்கும்"னார். சித்தப்பா வாயே திறக்கலை, ஆனா வத்தக்குழம்பு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினதைப் பார்த்தேன் :-)

மத்தியான நேரத்துல அங்க போறதை நான் இன்னும் சிபாரிசு பண்ண மாட்டேன். ஆனா யாராவது கேட்டா இப்பல்லாம் "போகாதீங்க"ன்னு சொல்றதில்லை. "எத்தனை மணிக்குப் போறீங்க?"ன்னு திருப்பிக் கேட்கறேன்.

பி.கு: உங்க ஊர் ஓட்டலைப் பத்தி எழுதறப்போ நாள், நேரம், எந்த ஹால், என்ன சாப்பிட்டீங்கன்னு நாலு வார்த்தை சேர்த்துடுங்க மக்களே. விரிசலா இருந்தா தயங்காம எழுதுங்க. வெறும் கோணலா இருந்தா இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டு எழுதுங்க.