களியும் கிழங்கும், ஒரு கிளாஸ் முந்திரிப்பழமும்

"உங்க ஊர்ப்பக்கம் வந்தா எங்கங்க நல்லா சாப்பிடலாம்?" பதிவர் நண்பர்கள் போன்ல கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நமக்கு ஊரு கம்மாபுரம். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவுல இருக்கு. கேக்கறவங்க மனசுல ஏதாவது ஒரு மெஸ், ஒரு பிரியாணிக் கடை பேரை எதிர்பார்ப்பாங்க. நான் "எப்போ வர்றீங்க?"ன்னு திருப்பிக் கேப்பேன். ஏன்னா எங்க மாவட்டத்துல நல்ல சாப்பாட்டுக்குக் கடை விலாசத்தை விட காலண்டர்தான் முக்கியம்.

சென்னையில 2024 டிசம்பர் 20-லேர்ந்து 24 வரைக்கும் மெரினாவுல மகளிர் சுயஉதவிக் குழுக்களை வச்சு உணவுத் திருவிழா நடத்தினாங்க இல்லையா, அதுல எல்லா மாவட்டச் சாப்பாடும் ஒரே மணல்ல கிடைச்சுது. நல்ல விஷயம்தான். அந்தக் குழுவுல இருக்கற அக்காங்களுக்கு நாலு காசு கிடைச்சா யாருக்கு நஷ்டம்? ஆனா எங்க பக்கத்துல அப்படி ஒரே இடத்துக்குக் கொண்டாந்து கொட்ட முடியாது. ஒவ்வொரு பண்டமும் ஒரு நாளோட, ஒரு ஊரோட கட்டிப் போட்டிருக்கு. மேட்டருக்கு வரேன்.

மார்கழியில திருவாதிரை. சிதம்பரத்துல நடராஜருக்குத் தேரோட்டம், மறுநாள் தரிசனம். அன்னிக்கு வீட்டுக்கு வீடு களி. பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து உடைச்சு, வெல்லம் போட்டுக் கிளறி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், நெய். கூடவே ஏழு காய் போட்ட கூட்டு. இனிப்புக்கு எதுக்குடா கூட்டுன்னு வெளியூர்க்காரங்க முழிப்பாங்க. ஒரு வாய் களி, அதுமேல கொஞ்சம் கூட்டுன்னு வச்சு சாப்பிட்டுட்டு அப்புறம் பேசுங்க. சேந்தனார் வீட்டுக் களியை நடராஜர் சாப்பிட்டார்ங்கற கதை உங்களுக்கே தெரியும். "திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி"ன்னு பழமொழியே இருக்கு. கவனிங்க, ஒரு வாய்! மார்கழி தாண்டி எங்கம்மாகிட்ட களி கிண்டச் சொன்னா, "இன்னிக்கு என்ன திருவாதிரையா?"ன்னு ஒரே கேள்வி. விஷயம் முடிஞ்சுது.

சிதம்பரத்துல காலண்டர் பாக்காம கிடைக்கறது கொத்சு. கத்தரிக்காயை நல்லெண்ணெயில வதக்கி, புளி விட்டு, வறுத்து அரைச்ச மல்லி மிளகாய்ப் பொடி போட்டு, கடைஞ்சும் கடையாமலும் இறக்கறது. இட்லிக்குத் தொட்டுக்கலாம். ஆனா அதோட சரியான ஜோடி மிளகு சீரகம் நெய் போட்ட சம்பா சாதம்தான். கோயில்ல நைவேத்தியமா இருந்து ஊர் முழுக்கப் பரவின ஜோடி அது.

தை அஞ்சாம் நாள் ஆத்துத் திருவிழா. இங்கிலீஷ் தேதிக்கு ஜனவரி 18 இல்லேன்னா 19 வாக்குல வரும். கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் தவிர மத்த ஊர்க்காரங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. பொங்கலுக்குப் போட்ட புதுச்சட்டையை இன்னொரு தடவை போட்டுக்கிட்டு தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் ஜனங்க கிளம்பிடும். சுத்துப்பட்டுக் கோயில் சாமிங்க எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆத்துல வந்து எறங்கும். பொரி, கடலை, கரும்பு, பலூன், ராட்டினம் எல்லாம் உண்டு. ஆனா அன்னிக்கு ஹீரோ சுருளிக் கிழங்கு. மண்ணோட குவிச்சு வச்சு விப்பாங்க. வாங்கிட்டு வந்து உப்புப் போட்டு அவிச்சு, தோலை உரிச்சு அப்படியே சாப்பிட வேண்டியதுதான். மசாலா கிடையாது, சட்னி கிடையாது. ஆத்துத் திருவிழாவுக்குப் போயிட்டுக் கிழங்கு வாங்காம வந்தா வீட்டுல ஏன் போனேன்னு கேப்பாங்க.

அதே தையில பூசத்தன்னிக்கு வடலூர். சத்திய ஞான சபையில ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம். வள்ளலார் 1867 மே 23-ல தருமசாலையில ஏத்தின அடுப்பு இன்னும் எரியுது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் சோறு போட்டுக்கிட்டே இருக்கு. நீ யாரு, எந்த ஊரு, என்ன சாதி, ஒரு கேள்வி கிடையாது. உக்காந்தா இலை விழும். பூசத்தன்னிக்கு போற வழியெல்லாம் பந்தல் போட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு சோறு போடுவாங்க. வள்ளலார் நினைவு நாள்னு அன்னிக்குத் தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக்கும் லீவு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

மாசியில மகம். "காசிக்கு வீசம் அதிகம்"னு சொல்லிக்கற எங்க விருத்தாசலத்துல மணிமுத்தாறு ஜே ஜேன்னு இருக்கும். அப்புறம் வெயில் ஏற ஏறப் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும்.

முந்திரியில கொட்டைக்குத்தான் மரியாதை. பழத்தை யாரும் சீந்தறதில்லை. மஞ்சளும் செவப்புமா மரத்தடியில கொட்டிக் கிடக்கும். சின்ன வயசுல உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம். தொண்டையைக் கரகரன்னு பிடிக்கும், சட்டையில சாறு பட்டா கறை போகவே போகாது. மிச்சமெல்லாம் ஆடு மாடு தின்னும், இல்ல அங்கேயே அழுகும். ஏப்ரல் மாசம் முந்திரிக்காட்டுப் பக்கம் பஸ்ஸுல போனா ஒரு புளிச்ச வாசனை ஜன்னல் வழியா வரும் பாருங்க, அது அதுதான்.

அந்த வாசனையை நான் கடைசியா பிடிச்சது பெங்களூர்ல :-)

அக்கா பொண்ணு அங்க வேலை பாக்குறா. ஒரு வேலையா போயிருந்தப்போ, "மாமா, சனிக்கிழமை உங்களை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"னா. கடலோர ஊர்களோட சாப்பாடும் அதுக்கேத்த காக்டெயிலும்னு ஒரு நாள் நிகழ்ச்சி. ஆளுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். அந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு குடும்பம் ஆத்துத் திருவிழாவுக்குப் போயி ராட்டினம் சுத்தி, கிழங்கு வாங்கி, வீடு திரும்பி, மிச்சமும் வச்சிருக்கும். ஆனா மருமக காசு. வாயை மூடிட்டுப் போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்லா இருந்துச்சு. நெத்திலி வறுவல், இறால் தொக்கு வச்ச குட்டி ஆப்பம், மாங்கா போட்ட மீன் குழம்பு. எல்லாம் தட்டுல ஒரு ஓரமா கொஞ்சூண்டு. இலை நிறையப் பாத்துப் பழகின கண்ணுக்கு அது சாம்பிள் மாதிரிதான் தெரியும், ஆனா ருசியில குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு கிளாஸ் வந்துச்சு. எலுமிச்சை, உப்பு, சோடா, நடுவுல கீறின பச்சை மிளகாய். மூக்குக்கிட்ட கொண்டு போனேன். ஏப்ரல் மாசத்து பஸ் ஜன்னல்!

ஊத்திக் கொடுத்த தம்பிக்கு ஓசூர் பக்கம் சொந்த ஊராம், தமிழ்லயே பேசினான். "முந்திரிப்பழத்துல காய்ச்சறது சார், கோவா ஃபெனி"ன்னான். பழத்தை நசுக்கிச் சாறு எடுத்து, புளிக்க வச்சு, காய்ச்சி வடிக்கறாங்க. முதல் தடவை வடிக்கறது உராக். அது கோடையில மட்டும் கிடைக்கும். மறுபடி வடிச்சா ஃபெனி. 2009-ல இதுக்குப் புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க கோவாக்காரங்க. நாங்க உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ன அதே பழத்துக்கு அவங்களும் உப்பும் மிளகாயுமே போடறாங்க. ருசிக்கு ஊர் எல்லை தெரியுமா என்ன?

"நம்ம ஊர்ல இந்தப் பழத்தை என்ன மாமா பண்றோம்?"

"ஆட்டுக்குப் போடறோம்."

சிரிச்சா. அப்புறம் அவ சொன்னதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "மாமா, நம்ம ஊர்த் திருவிழாவுல நான் இருட்டின அப்புறம் இருந்ததே இல்லை. ராட்டினத்துல பாதி சுத்தறதுக்குள்ள அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுவாங்க. குடிச்சவனுங்க வருவானுங்கன்னு. இங்க பாருங்க, இருக்கறவங்க முக்காவாசிப் பேர் குடிச்சிருக்காங்க. மணி பத்தரை. எனக்கு ஒரு பயமும் இல்லை."

எனக்கு அதுக்குப் பதில் சொல்ல வரலை. வாசல்ல ஆறடிக்கு ரெண்டு பேர் நிக்கறாங்க, ரெண்டாயிரம் இல்லாதவன் உள்ளயே வர முடியாது, அதனாலதான்னு சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனா முழுசும் அது இல்லை. அங்க அந்தத் தம்பி ஒவ்வொரு தடவையும் சின்ன அளவுக் குவளையில அளந்துதான் ஊத்தினான். கூட தட்டு இருந்துச்சு. உக்கார நாற்காலி, பேச ஆளு, பாக்கறதுக்கு நாலு கண்ணு இருந்துச்சு. அதாவது களிக்கு எங்கம்மா போடற கட்டு எல்லாம் அந்த கிளாஸுக்கு இருந்துச்சு. அளவு, நேரம், கூட்டம்.

எங்க பக்கம் சோத்துக்குத்தான் திருவிழா. குடிக்கு மறைவு மட்டும்தான். வெறும் வயித்துல, நின்னுக்கிட்டே, பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி ரெண்டு மடக்குல முடிச்சுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து திருவிழாக் கூட்டத்துல கலக்கறது. ஊர்ல பகிரங்கமா பாட்டில் வைக்கறது ஒரே ஒரு எடத்துல, முனியப்பன் படையல்ல. சாமி மட்டும்தான் எங்க ஊர்ல வெளிச்சத்துல, பக்கத்துல கறியும் சோறும் வச்சுக்கிட்டு, நாலு பேர் பாக்கக் குடிக்குது!

பனைமரம்தான் தமிழ்நாட்டுக்கு மாநில மரம். பதநீர் இறக்கலாம், கலயத்துல சுண்ணாம்பு தடவியிருக்கணும். சுண்ணாம்பு இல்லேன்னா அது புளிச்சுக் கள்ளாயிடும், குற்றம். கள்ளுக்கு 1987-லேர்ந்து இங்க தடை. கடலூரைத் தாண்டி புதுச்சேரி எல்லைக்குள்ள போயிட்டா கள்ளுக்கடையும் உண்டு, சாராயக்கடையும் உண்டு. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில பையைத் தடவிப் பாக்கறது எங்க மாவட்டத்துக்காரங்களுக்குப் பழகிப் போன விஷயம். கள்ளைத் திறந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரலைங்க. திறந்திருக்கற ஊர்லயும் குடியால தெருவுக்கு வந்த குடும்பம் இருக்கு.

ஆனா 2024 ஜூன்ல பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில, கருணாபுரத்துல நடந்தது மறக்குமா? மெத்தனால் கலந்த சாராயம். 60 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல பொம்பளைங்களும் உண்டு. அவங்க யாரும் ருசி பாத்துக் குடிச்சிருக்க மாட்டாங்க. பாக்கெட்டைக் கடிச்சுத் துப்பிட்டு அவசரமா விழுங்கற சரக்கு அது. என்ன இருக்கு உள்ளேன்னு கேக்க நேரமும் கிடையாது, கேட்டா சொல்ல ஆளும் கிடையாது. பெங்களூர்ல என் கிளாஸுல என்ன இருக்குன்னு ஒருத்தன் அஞ்சு நிமிஷம் நின்னு விளக்கினான். அந்த அஞ்சு நிமிஷத்தோட விலைதான் ரெண்டாயிரமோன்னு அப்புறம் தோணுச்சு.

இதுக்கு நடுவுல வடலூரை வச்சுப் பாக்கறேன். அங்க விலையே கிடையாது. ராத்திரியானாலும் பொம்பளைங்க, புள்ளைங்க சபைக்கு முன்னாடி மைதானத்துல துணியை விரிச்சுப் படுத்துக் கிடப்பாங்க, அடுத்த ஜோதி பாக்கறதுக்கு. அன்னிக்குக் கடை லீவுங்கறது ஒரு காரணம். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவனை ராத்திரியில பாத்து ஏன் பயப்படணும்ங்கறது இன்னொரு காரணம்னு நான் நினைக்கறேன். பெங்களூர்ல காசு கொடுத்து வாங்கின தைரியம் இங்க ஒரு இலைச் சோத்துல கிடைக்குது. அதை வருஷத்துக்கு ஒரு நாள்லேர்ந்து ரெண்டு நாளா ஆக்க முடியுமான்னுதான் பாக்கணும்.

அதனால மக்களே, எங்க ஊர்ப்பக்கம் வர்றதா இருந்தா கடை பேர் கேக்காதீங்க. தை அஞ்சாம் நாள் சாயங்காலம் தென்பெண்ணைக்கு வாங்க. குடும்பத்தோட வாங்க. அக்கா பொண்ணும் அடுத்த தைக்கு லீவு போட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா. இருட்டின அப்புறமும் இருப்பேன்னு இப்பவே அவங்கம்மாகிட்ட சண்டையை ஆரம்பிச்சாச்சு. நான் அவ கட்சி. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே எடத்துல உக்காந்துட்டா நம்மளை யாரு கிளப்ப முடியும்?

கிழங்கு என் செலவு. ராட்டினம் உங்க செலவு :-)

டிஸ்கி: கொத்சு எப்படிப் பண்றதுன்னு தனியா மெயில் போடாதீங்க. எங்கம்மா அளவு சொல்ல மாட்டாங்க. "புளி ஒரு கை, எண்ணெய் தாராளமா"ன்னுதான் வரும். எந்தக் கை, எவ்வளவு தாராளம்கறது உங்க பாடு.